மானுக்கு யார் பிணை?

தமிழில் ‘பிணை’ என்னும் சொல்லுக்குப் பெண்மான் என்பது ஒரு பொருள். பிறர்பொருட்டுப் பொறுப்பேற்று நிற்றல் என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருள்களும் ஓரிடத்தில் சந்திக்கும் அரிய காட்சியை உமறுப்புலவர் நமக்குத் தந்திருக்கிறார். சீறாப்புராணத்தின் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ நம் வகுப்பறைகளில் பல்லாண்டுகளாக ஒலித்து வருவது. வேடன் ஒருவனிடம் சிக்கிய பிணைமான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அம்மானுக்குப் பிணையாகிறார்கள். காட்டுக்குள் ஓடிய மான் திரும்பி வருமோ என வேடன் ஐயுறுகிறான். மானோ சொன்ன சொல் தவறாது கன்றோடு வந்து நிற்கிறது.

இப்படலத்தை நடத்தியும் படித்தும் வந்த நாங்கள், அதன் அணிநலத்தையும் அருள்நெறியையும் எத்தனையோ முறை எடுத்துப் பேசியிருக்கிறோம். ஆயினும் அந்த மான் எது என்று ஒருபோதும் கேட்டதில்லை. ஒரு நாள் வகுப்பின் கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, “ஐயா, அரபு நாட்டுப் பாலையில் இருந்த மான் புள்ளிமானாக இருக்க முடியாதே, அது எந்த மான்?” என்று கேட்டார். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. எங்களிடம் விடை எழவில்லை. அந்த வினாதான் எங்களை ஒரு மலையடிவாரத்துக்குக் கொண்டு சென்றது. அங்கு நாங்கள் கற்றதையும், கற்பதற்கு முன் நாங்கள் செய்த பிழையையும் இம்மலரில் பதிவு செய்வது கடமை என எண்ணுகிறோம்.

முதலில் அந்த மாணவரின் வினாவுக்கு விடை காண்போம். அரபு மணல்வெளிகளுக்கும் குன்றுகளுக்கும் உரிய மெல்லுடல் மானை அம்மொழியில் ‘கஸால்’ என்பர். ஆங்கிலத்தின் ‘கெஸல்’ என்னும் பெயர் இதன் வழிவந்ததே. இவ்வினத்தின் கொம்பு ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பதன்று. புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கிளைத்த கொம்பு உதிரும். கஸாலுக்கோ கிளைக்காத கொம்பு வாழ்நாள் முழுதும் நிலைத்திருக்கும். இந்தியாவில் இவ்வினத்தைச் சேர்ந்தது ‘சிங்காரா’. இராஜஸ்தான், குஜராத் வறள்நிலங்கள் தொட்டுத் தக்காணம் வரை அது காணப்படுகிறது. தமிழகத்தில் அது இல்லை. எனினும் கஸாலின் மிக நெருங்கிய உறவு ஒன்று நம் மண்ணிலேயே வாழ்கிறது. அதுவே வெளிமான்.

அடர்காட்டை விரும்பாது, கண்ணுக்கெட்டும் தொலைவு வரை திறந்து கிடக்கும் புல்வெளியை நாடுவதால் இதற்கு அப்பெயர் பொருந்திற்று. ஆணுக்கு மட்டுமே திருகிய நெடுங்கொம்பு உண்டு. முதிர முதிர அதன் மேனி கருத்து, வயிறும் கண்ணைச் சுற்றிய வளையமும் வெண்மையாய்த் துலங்கும். பெண் இளம்பழுப்பு நிறத்தது, பெரும்பாலும் கொம்பற்றது. தொல்காப்பிய மரபியல், புல்வாய் என்னும் மானின் ஆணை இரலை என்றும் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும் வழங்கும் மரபைக் கூறுகிறது. சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தில் கண்டு பாடிய, முறுக்கிய கொம்புடைய இரலை இந்த வெளிமானே என்பர் அறிஞர். ஆக, எங்கள் பாடநூலின் இரு பக்கங்களில் இருந்த விலங்கு எங்கள் ஊருக்கு அருகிலேயே உயிரோடு இருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வல்லநாட்டைக் கடக்கும்போதெல்லாம் அம்மலையைப் பார்த்திருக்கிறோம். அதனுள் என்ன இருக்கிறது என்று பார்த்ததில்லை.

வல்லநாடு வெளிமான் சரணாலயம் 1987இல் அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 16.41 சதுர கிலோமீட்டர். வெளிமான் இயற்கையாக வாழும் இடங்களுள் இந்தியாவின் தென்கோடியில் இருப்பது இதுவே. உமறுப்புலவர் வாழ்ந்து அடங்கிய எட்டயபுரமும் இதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான் உள்ளது. மானுக்குப் பிணை நின்ற கதையைப் பாடிய புலவரும் மானும் ஒரே மாவட்டத்தார் என்பதில் எங்களுக்கு ஒரு பெருமிதம் உண்டாயிற்று.

வனத்துறையினர் நடத்தும் வெளிமான் கணக்கெடுப்பில் தன்னார்வலராகக் கலந்துகொள்ள இசைவு பெற்றோம். ஆசிரியர் இருவர், மாணவர் மூவர், ஆக ஐவர் சென்றோம். தமிழ்த்துறையினருக்கு மான் கணக்கில் என்ன வேலை என்று பிற துறை நண்பர்கள் நகைத்ததையும் இங்குச் சொல்லிவிடுகிறோம்.

முதல்நாள் மாலை எங்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. எண்ணுதல் எளிய செயல் என்றே நாங்கள் கருதியிருந்தோம். அது தவறு என்பது அரைமணி நேரத்தில் விளங்கிற்று. மான் ஓரிடத்தில் நிற்பதன்று. மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகம் வரை பாயவல்லது. இங்கே நாம் எண்ணிய கூட்டம் பத்து நிமிடத்தில் மலையின் மறுபுறம் சென்று, அங்குள்ளோரால் மீண்டும் எண்ணப்படலாம். அதனாலேயே காட்டைப் பல பகுதிகளாகப் பிரித்து, எல்லாக் குழுவினரும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் நடக்கின்றனர். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு படிவம். கண்ட நேரம், கண்ட இடம், ஆண் எத்தனை, பெண் எத்தனை, குட்டி எத்தனை, கூட்டம் எத்திசையில் ஓடிற்று என்பன அதில் நிரப்பப்பட வேண்டும். இறுதிக் கட்டமாகிய திசையே கணக்கின் உயிர்நாடி என்றார் பயிற்சியளித்த அலுவலர். கிழக்கே ஓடியதாக ஒரு குழு எழுதிய கூட்டத்தை, கிழக்கேயுள்ள குழு சற்று நேரத்தில் அதே எண்ணிக்கையில் கண்டிருந்தால், இரண்டில் ஒன்று நீக்கப்படும்.

தொகையை மட்டுமன்றி, மான் எவ்வளவு தொலைவு பரந்து வாழ்கிறது என்பதையும் அறிய வேண்டும். அதற்கு மானே கண்ணில் படவேண்டும் என்பதில்லை. குளம்படியும் புழுக்கையும் போதும். ஆண்மான் தன் எல்லையைக் காட்ட ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் புழுக்கையிடும். அக்குவியல்கள் வேலிக்கற்கள் போல நிற்கும். கண்ணருகே உள்ள சுரப்பியின் கசிவைப் புல்லிலும் குச்சியிலும் தேய்த்து வைக்கும். இவற்றையெல்லாம் வரைபடத்தில் குறித்துக்கொண்டே போனால் எங்கு மான் உண்டு, எங்கு இருந்து அகன்றது என்பது புலனாகும்.

மறுநாள் வைகறைத் தொழுகை முடித்து, இருள் பிரியும் முன் மலையடிக்குச் சேர்ந்தோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர், ஐம்பதைக் கடந்தவர், மாணவர்கள் அவரை ‘அண்ணாச்சி’ என்றே அழைத்தனர். அவர் முதலில் ஒரு பிடி மண்ணை உயரத் தூவிக் காற்றின் திசையைப் பார்த்தார். காற்று எங்கள் மேல் வீசுமாறு எதிர்முகமாக நடக்கச் சொன்னார். உடைமரங்களும் விராலிப் புதர்களும் இடையிடையே மஞ்சள் புல்லும் பரந்த சரிவில் நாங்கள் ஒருவர் பின் ஒருவராய்ச் சென்றோம். நெடுஞ்சாலையில் செல்லும் வாகனங்களின் இரைச்சல் மெல்லக் கேட்டுக்கொண்டிருந்தது.

காலை ஆறு நாற்பதுக்கு முதற்கூட்டத்தைக் கண்டோம். கருமேனி கொண்ட ஆண் ஒன்று, பெண்கள் ஏழு, குட்டிகள் இரண்டு, ஆகப் பத்து. தொலைநோக்கியை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறிக்காத குறைதான். அந்த ஆண் தலையை உயர்த்தி நின்ற கோலத்தைச் சொல்லால் எழுத முயன்று தோற்றோம் என்பதே உண்மை. எங்கள் செருப்பின் கீழ் ஒரு சுள்ளி முறிந்தது. ஒரு பெண்மான் நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாகத் துள்ளியது. மறுகணம் கூட்டம் முழுதும் துள்ளித் துள்ளி வலப்புறச் சரிவைச் சுற்றி மறைந்தது. படிவத்தில் எண்ணிக்கையை எழுதினோம். திசைக் கட்டத்தைப் பிறகு நிரப்பலாம் என்று விட்டோம்.

ஏழு ஐம்பதுக்கு, அதே வலப்புறச் சரிவின் அப்பால், இரண்டாவது கூட்டத்தைக் கண்டோம். கருமேனி ஆண் ஒன்று, பெண்கள் ஆறு, குட்டி ஒன்று, ஆக எட்டு. அண்ணாச்சி தயக்கத்தோடு, “மொதல்ல பார்த்த கூட்டம்தானே சார் இது?” என்று கேட்டார். “அதில் பத்து, இதில் எட்டு. வேறு கூட்டம்தான்” என்றோம். எங்களுள் எவர் அவ்வாறு சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை. ஒருவர் சொன்னார், ஏனைய நால்வரும் மறுக்கவில்லை. ஆகவே சொன்னது நாங்கள் ஐவருமே. அண்ணாச்சி சற்று நேரம் மண்ணைப் பார்த்திருந்துவிட்டு, “நீங்க படிச்சவங்க சார்” என்றார். படிவத்தில் பதினெட்டு என்று எழுதினோம். விட்டு வைத்திருந்த திசைக் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று நிரப்பினோம்.

ஏன் அவ்வாறு செய்தோம்? கூலிக்காகவோ பரிசுக்காகவோ அன்று. பிற குழுவினர் முன் பெரிய எண்ணோடு போய் நிற்கும் ஆசை ஒன்று. இவ்வரிய விலங்கு மிகுதியாக இருக்க வேண்டும் என்னும் நல்லெண்ணம் மற்றொன்று. தீய எண்ணத்தினும் நல்லெண்ணமே எங்களை எளிதில் ஏமாற்றிற்று. மானுக்கு நன்மை செய்வதாகவே கருதி மானைப் பற்றிப் பொய் எழுதினோம்.

ஒன்பது மணியளவில் வந்த வழியே திரும்பினோம். முதற்கூட்டத்தைக் கண்ட இடத்தருகே அண்ணாச்சி கையசைத்து எங்களை நிறுத்தினார். ஒரு பெண்மான் தனியே நின்றிருந்தது. எங்களைக் கண்டும் ஓடவில்லை. சில அடி போகும், நிற்கும், ஒரு புற்புதரையே திரும்பிப் பார்க்கும். வெளிமானின் இளங்குட்டி ஆபத்து நேர்ந்தால் ஓடுவதினும் புல்லில் ஒடுங்கிப் படுத்துக்கொள்வதே வழக்கம் என்று முதல்நாள் பயிற்சியில் கேட்டிருந்தோம். சற்று நேரத்தில் அப்புதரிலிருந்து ஒரு குட்டி நடுங்கும் கால்களோடு எழுந்து தாயை அடைந்தது. இரண்டும் வலப்புறச் சரிவை நோக்கிச் சென்றன.

ஏழு பெண்களில் ஒன்று; இரண்டு குட்டிகளில் ஒன்று. பத்தில் இவ்விரண்டும் போக மீதி எட்டு. எவரும் எவரையும் பார்க்கவில்லை. கணக்கு ஐவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிற்று. கூட்டம் ஓடியபோது கன்றுக்காகப் பின்தங்கி நின்ற ஒரு தாயை இல்லாத ஒரு கூட்டத்துக்குச் சான்றாக்கியிருந்தோம். கன்றைத் தேடிச் சென்று சொல் தவறாமல் திரும்பிய பிணைமானின் கதையை நடத்துவோரும் படிப்போரும் செய்த செயல் இது. அண்ணாச்சி அப்போதும் எதுவும் சொல்லவில்லை. அவர் ஒரு சொல் கடிந்திருந்தால் எங்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

முற்பகலில் எல்லாக் குழுவினரும் ஓரிடத்தில் கூடிப் படிவங்களை ஒப்பிட்டனர். எங்கள் படிவம் ஏற்கெனவே கையளிக்கப்பட்டிருந்தது. அலுவலரிடம் சென்று, “ஐயா, எங்கள் பதினெட்டு தவறு. இரண்டாவது கூட்டம் முதற்கூட்டமே. திசையும் எங்களுக்குத் தெரியும்; எழுதவில்லை” என்றோம். கடிந்துரைப்பார் என அஞ்சினோம். அவர் படிவத்தை எடுத்துத் தந்து, “அடித்துவிட்டுச் சரியானதை எழுதுங்கள். அடித்த இடத்தில் ஐவரும் கையொப்பம் இடுங்கள்” என்று மட்டும் சொன்னார். பதினெட்டை அடித்துப் பத்து என எழுதினோம். ‘தெரியவில்லை’ என்பதை அடித்து, ‘வலப்புறச் சரிவைச் சுற்றி’ என எழுதினோம். கையொப்பமிடும்போதுதான் பிணை நிற்றல் என்பதன் பொருள் எங்கள் விரல்களுக்கு எட்டிற்று. பேச இயலாத உயிருக்காக அறிந்தவர் ஒருவர் பொறுப்பேற்றுச் சொல்லும் சொல்லே பிணை. அச்சொல் பொய்யானால் பிணை நின்றவர் மட்டும் வீழ்வதில்லை. அவரை நம்பிய உயிரும் வீழ்கிறது.

எட்டு மான் கூடுதலாக எழுதினால் என்ன கேடு என்று எவரேனும் வினவலாம். நாங்களும் எங்களையே வினவிக்கொண்டோம். 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயல், கோடியக்கரைச் சரணாலயத்தைச் சூறையாடிற்று. வெளிமான்கள் பல மடிந்தன. ஒரு பேரிடருக்குப் பின் எத்தனை எஞ்சின என்று எண்ணலாம். எத்தனை இழந்தோம் என்பதை அறிய அதற்கு முன் எடுத்த கணக்கு உண்மையாக இருந்தாக வேண்டும். முன்கணக்கு மிகையாயின் நேராத அழிவு நேர்ந்ததாகத் தோன்றும். அல்லது, ஆண்டுதோறும் மிகையாகவே எழுதிவரின், நேர்ந்துவரும் அழிவு தோன்றாமலே போகும். இரண்டாவதே கொடிது. தெருநாய்களாலோ, வாகனங்களில் அடிபட்டோ, சீமைக்கருவேலம் படர்ந்து புல்வெளி சுருங்கியோ தொகை மெல்லக் குறையும்போது, ஏட்டில் அது குறையாமல் நின்றால் எவரும் விழித்துக்கொள்ளமாட்டார். குறைந்த எண் மானுக்குப் பகையன்று. பொய்யான எண்ணே பகை.

இதற்கு உலகில் சான்றுகள் உண்டு. அரபுத் தீபகற்பத்தில் சவூதி கஸால் என ஓர் இனம் இருந்தது. 2008இல் அது அற்றுப்போனதாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பதிவு செய்தது. இன்று அதைப் பற்றி நாம் அறிவதெல்லாம் பெரும்பாலும் அருங்காட்சியகங்களில் உள்ள சில தோல்களும் மண்டையோடுகளும் சொல்பவையே.

வெளிமானின் கதையும் எண்ணத் தக்கது. ஒரு காலத்தில் சிந்து, பஞ்சாப் சமவெளிகளிலிருந்து தென்கோடி வரை இது பரவி வாழ்ந்தது. அக்பர் முதலிய முகலாய மன்னர்கள் பழக்கிய சிவிங்கிப் புலிகளைக் கொண்டு இதை வேட்டையாடினர். அதே குலத்து ஜஹாங்கீர், தாம் வளர்த்த மன்ஸ்ராஜ் என்னும் மான் இறந்தபோது, லாகூருக்கு அருகே இன்றைய ஷேக்குபுராவில் அதன் நினைவாக ஒரு கோபுரம் எழுப்பி, அவ்வெளியில் மான் வேட்டையாடலாகாது என ஆணையிட்டார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த அந்த ‘ஹிரன் மினார்’ இன்றும் நிற்கிறது. ஆனால் பாகிஸ்தானின் காடுகளிலிருந்து வெளிமான் மறைந்துவிட்டது. பின்னாளில் லால் சுஹான்ரா பூங்காவில் விடப்பட்டவை அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. அரசரின் அன்பு கல்லில் நிலைத்தது; மான் நிலைக்கவில்லை. அதை வேட்டையாடிய சிவிங்கிப் புலியும் 1952இல் இந்தியாவில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பின்னர் 2022இல் ஆப்பிரிக்காவிலிருந்து அதைத் தருவிக்க வேண்டியதாயிற்று.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வெளிமானுக்கு அட்டவணை ஒன்றில் இடம் தந்து உயர்ந்த காவல் அளித்தது. அதன் பயனாகப் பல மாநிலங்களில் இதன் தொகை பெருகியிருக்கிறது. 2017இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழிவச்சம் குறைந்த இனமாக மதிப்பிட்டது. இம்மகிழ்ச்சியான முடிவும் எண்ணியதால் வந்ததே. ஆயினும் தமிழகத்தில் நிலை வேறு. கிண்டி, கோடியக்கரை, மாயாற்றுப் பள்ளத்தாக்கு, வல்லநாடு எனச் சில இடங்களில் மட்டும், கடலிடைத் தீவுகள் போல ஒன்றோடொன்று தொடர்பின்றி இவை வாழ்கின்றன. வல்லநாட்டு மலையைச் சுற்றிலும் ஊர்களும் வயல்களும் சாலையும் உள்ளன. இங்கே குறைந்தால் வேறிடத்திலிருந்து ஒரு மான் தானாக நடந்து வந்து சேர வழியில்லை. ஆகவே இங்குள்ள ஒவ்வொரு மானும் எண்ணத்தக்கது. ஒன்று ஒன்றாகவே எண்ணத்தக்கது.

கல்லூரிக்குத் திரும்பிய பின் அம்மாணவருக்கு வகுப்பில் விடை சொன்னோம். அது கஸால் என்றோம். அதன் உறவினம் வல்லநாட்டில் உண்டு என்றோம். பதினெட்டைப் பத்தாகத் திருத்திய செய்தியையும் மறைக்காமல் சொன்னோம். இம்முறை வகுப்பில் எவரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் எழுந்து, “அடுத்த கணக்கெடுப்புக்கு என்னையும் அழைத்துச் செல்வீர்களா, ஐயா?” என்றார். அவர் பெயரை முதற்பெயராக எழுதிக்கொண்டோம்.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுக்கும் சமுதாயப் பெரியோர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் ஒன்றே. வல்லநாட்டு வழியே செல்லுங்கால் அம்மலையை ஒரு கணம் திரும்பிப் பாருங்கள். இசைவு கிடைப்பின் ஒரு வைகறையில் அங்கு நடந்து பாருங்கள். கண்டதைக் கண்டபடி எழுதுங்கள். காணாததை எழுத வேண்டா. நாங்கள் கையொப்பமிட்ட அப்படிவத்தில் பத்து என்னும் எண் இருக்கிறது. அதில் ஒன்று அந்தத் தாய். ஒன்று அதன் கன்று. அவ்விரண்டுக்கும் எங்கள் கையொப்பமே பிணை.